இரண்டாம் ஷிப்டில் நுண்ணுயிரியல்

கரும்பலகையில் விலங்கியலை அழித்தபோது யுவராணிக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. அழித்தவர் கல்லூரி உதவியாளர், காதில் பேனா சொருகிய மனிதர். அவருக்கு அதில் ஒன்றுமில்லை. இடம் தீர்ந்தது, டஸ்டரை எடுத்தார், துடைத்தார், பறந்த சுண்ணாம்புத் தூளில் கொஞ்சம் அவருடைய டீ கிளாஸிலேயே விழுந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தை காணாமல் போனதில் கல்லூரியில் சேர வந்து மூன்றாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த இந்தப் பெண்ணுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. காலை வகுப்பில் இருந்த இரண்டு பாடங்களில் ஒன்று ஒழிந்தது. மிச்சம் தாவரவியல். தன் முறை வருவதற்குள் அதுவும் தீர்ந்துபோனால்? தீரட்டுமே. தீர்ந்துபோனால் யாரும் யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை. அப்பாவுக்கும் பலகையைப் படிக்கத் தெரியும். காலையில் இடமில்லை, சாயந்திரம்தான் இருக்கிறது என்று பலகையே அவருக்குச் சொல்லிவிடும், அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுவார், அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு அப்புறம் எழுந்து அரிசி களைவாள். எல்லாம் தானாக நடந்துவிடும். இப்படி ஓடுகிறது புத்தி. முன்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை தலைகளையும், ஜடைகளையும், கிராப்புகளையும் பார்த்து, நீ தாவரவியல் எடு, நீயும் எடு, செடி கொடியெல்லாம் நல்லதுதானே, எடுத்துத் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தன் படிப்பைத் தானே கேட்கத் துப்பில்லாமல் ஊரான் பிள்ளைகளை வேண்டிக்கொள்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் இருந்ததே தவிர, வேண்டுவது நிற்கவில்லை.

இந்தக் கல்லூரியில் படிப்பு இரண்டு ஷிப்டாக நடக்கிறது. ஒரே கட்டடம், ஒரே பெஞ்சு. காலையில் ஒரு கூட்டம் உட்கார்ந்துவிட்டுப் போன சூடு ஆறுவதற்குள் மதியம் இன்னொரு கூட்டம் வந்து உட்காரும். தாவரவியலும் விலங்கியலும் கட்டடம் கட்டின நாளிலிருந்து இருக்கிற பாடங்கள், அவற்றுக்குக் காலை. நுண்ணுயிரியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் பின்னால் வந்தவை, அவற்றுக்கு மதியம். மதியம் ஆரம்பித்து, தெருவில் விளக்குப் போடுகிற நேரத்துக்கு விடுவார்கள். ஊருக்குப் போக ஒரே ஒரு டவுன் பஸ், அது இறக்கிவிடுகிற இடத்திலிருந்து கருவேலங்காட்டு ஓரமாக ஊருக்குள் நடை. அவ்வளவுதான் விஷயம். பக்கத்து நாற்காலிகளில் என்னென்னவோ பேசிக்கொள்கிறார்கள், இதைப் படித்தால் பார்மா கம்பெனி, அதைப் படித்தால் பி.எட். முடித்து டீச்சர், இதற்கு மேலே படித்தால் வெளிநாடு என்று. யுவராணி வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அம்மா கேட்டது ஒன்றுதான். "எந்நேரத்துக்கு ஊடு வந்து சேருவ?" காலை வகுப்பு என்றால் மதியச் சோற்றுக்கு வந்துவிடலாம் என்றதும் அம்மா சரி என்றாள். அது எந்த வகுப்பு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அம்மாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. சித்தப்பா மகள் கௌசல்யா இதே கல்லூரியில் இதே இரண்டாம் ஷிப்டில்தான் வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பஸ் பழுதாகி வழியில் நின்றுவிட்டது. கூடப் படிக்கிற பையன் பைக்கில் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டான். பஸ் நின்றுபோயிருச்சுங்க என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். நடந்தது அவ்வளவே. ஊர் அதை அத்தோடு விடுமா? பைக்கின் நிறத்திலிருந்து பையனின் சாதி வரைக்கும் பேசித் தீர்த்தது. தை பிறந்ததும் கௌசல்யாவுக்குக் கல்யாணம். வரலாறு அந்த அளவில் நின்றது. போன வாரம் இடுப்பில் குழந்தையோடு வந்தவள், "நீயாச்சும் காத்தால கிளாஸாப் பாத்துச் சேந்துக்க புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனாள். சித்தி சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும், அம்மா சொன்னபோது எரிச்சல்கூட வந்தது. சொன்னது கௌசல்யா. அதைத்தான் யுவராணியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்பா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பழனியப்பன் என்று பேர், சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவர், இரவு ஷிப்டு முடிந்த கையோடு குளித்துவிட்டு வந்திருக்கிறார். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைத்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம், உட்கார்ந்ததும் கண் சொருகிவிட்டது. மடியில் அவளுடைய சான்றிதழ்கள் இருக்கிற பை; தூங்கினாலும் இரண்டு கையும் அதை விடவில்லை. நகக்கண்ணில் கருநீலம். இந்த வாரம் பட்டறையில் கருநீலம் ஓடுகிறது போலிருக்கிறது. சின்ன வயதில் அவர் நகத்தைப் பார்த்து இன்னிக்குச் செகப்பு, இன்னிக்குப் பச்சை என்று கத்துவாள், அவர் அதற்குத் தகுந்த மாதிரி விரலை நீட்டிக் காட்டுவார். அந்த நகத்தில் இருப்பதுதான் ஆற்றிலும் போனது, பிறகு கோர்ட்டு, சீல் என்றெல்லாம் நடந்து, இப்போது பட்டறைக்குள்ளேயே பெரிய பெரிய தொட்டிகளைக் கட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்கள். ஆயுத பூஜை அன்றைக்குக் குடும்பத்தோடு பட்டறைக்குப் போவது வழக்கம். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுப்பார்கள். எட்டாவது படிக்கும்போது அப்படிப் போன இடத்தில்தான் அந்தத் தொட்டியைப் பார்த்தாள். மாந்தோப்பு அளவுக்குத் தொட்டி, அதில் பழுப்பு நிறத்தில் எதுவோ பொங்கிப் பொங்கி நுரைத்தது, வாடை குடலைப் புரட்டியது. ஓர் ஆள் கரை மேல் நின்று வெல்லக் கட்டியை உடைத்து உடைத்துப் போட்டார், பக்கத்தில் ஒரு டிரம்மில் சாணிக் கரைசல். பூஜைக்கா என்று கேட்டாள். இல்லை கண்ணு, தீனிக்கு என்றார் அப்பா. யாருக்குத் தீனி? உள்ளே உசிரு இருக்குது, அதுதான் சாயத்தைத் திங்குது, இதுக்குத் தீனி போடலீன்னா செத்துரும், செத்துதுன்னா பட்டறையச் சாத்தீட்டு நாமெல்லாம் ஊட்டுல உக்காந்துக்க வேண்டியதுதான். எங்க உசிரு, காட்டுங்க என்று எட்டி எட்டிப் பார்த்தாள். அப்பா சிரித்தார். வெல்லம் போட்டவரும் சிரித்தார். பொரிகடலையை மென்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள், ஆனால் கேள்வி அந்தத் தொட்டிக் கரையிலேயே நின்றது.

எங்க உசிரு? இதைப் பெரிய அறிவாளிக் கேள்வி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நுண்ணோக்கி இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள், பிளாஸ்டிக் கவர் போட்டு, அதற்கு மேலே ஒரு துணியும் போட்டு, சாமியைவிடப் பத்திரமாக இருந்தது. சாமிக்காவது தினமும் திரை விலகும். செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் அதை வெளியே எடுத்தார்கள். வகுப்பு முழுக்க வரிசையில் நின்றது. வெங்காயத் தோல். "பாத்தாச்சா, நகரு. பாத்தாச்சா, நகரு." டீச்சர் பின்னால் நின்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். யுவராணி குனிந்தாள், ஒரு கண்ணை மூடுவதா இரண்டையும் திறப்பதா என்று தெரியவில்லை, ஏதோ கறுப்பாகக் கோடு கோடாகத் தெரிந்தது, அட என்று நினைப்பதற்குள் முதுகில் தட்டு. அப்புறம் யோசித்துப் பார்த்தபோது அந்தக் கோடுகள் தன் இமை மயிர்தான் என்று புரிந்தது. எல்லோரும் வட்டம் வரைந்து அதற்குள் கட்டம் கட்டமாகப் போட்டு வெங்காயத் தோல் என்று எழுதியபோது அவளும் வரைந்தாள், முழு மார்க்கும் வாங்கினாள். கண்ணால் பார்க்காததற்கு முழு மார்க்கு. யாரும் முதுகில் தட்டாமல், நகரு என்று சொல்லாமல், ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டு போதும் போதும் என்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை எப்படி ஒருத்தரிடம் சொல்வது? எதற்காக நுண்ணுயிரியல் என்று கேட்டால், பார்க்கணும் என்றா சொல்வது? பார்த்து என்னடி பண்ணுவ என்று அம்மா கேட்பாள். பார்த்து என்ன பண்ணுவது? தெரியவில்லை.

சொல்லிப் பழக்கமில்லை என்பதுதான் கதை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால், கடைக்காரர் பத்து சுடிதாரை விரித்துப் போட்டு எது வேணும் பாப்பா என்றால், எதுன்னாலும் சரிங்க என்பாள். கண் மட்டும் மஞ்சளில் போய் நிற்கும். பில் போடும்போது பார்த்தால் பழுப்பு வந்திருக்கும். பழுப்பையே போட்டுக்கொண்டு பொங்கல் வரைக்கும் மஞ்சளை நினைத்துக்கொண்டிருப்பாள். அத்தை வந்தால் கன்னத்தைத் தடவி, "தங்கமான புள்ள, இதுதான் வேணும்னு ஒருநா வாயத் தொறந்து கேட்டதில்ல பாரு" என்று மெச்சுவாள். அம்மாவின் முகம் அப்போது பூரித்துப் போகும். அந்தப் பூரிப்பைக் கெடுக்க மனசு வராமல் யுவராணி இன்னும் கொஞ்சம் தங்கமாகிவிடுவாள். மெச்சி மெச்சியே ஒரு பிள்ளையின் வாயைத் தைத்துவிடலாம், அடிக்கவே வேண்டியதில்லை. இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் வரும்போதுகூட வாக்கியத்தைத் தயார் செய்தாள். அப்பா, எனக்கு மைக்ரோபயாலஜி எடுக்கலாம்னு இருக்குதுங்ப்பா. வேண்டாம், இருக்குது என்றால் யாருக்கோ இருக்கிற மாதிரி இருக்கிறது. அப்பா, மைக்ரோபயாலஜி நல்ல படிப்புன்னு சொல்றாங்க. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் ஒருமுறை பேச்சுவாக்கில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று சொன்னதற்கே, அதப் படிச்சுப்போட்டு உங்கப்பன் வேல செய்யற பட்டறைக்கே சீல் வெக்க வருவியாக்கும் என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு வாயை மூடியவள்தான். கல்லூரி நிறுத்தத்தில் பஸ் நின்றது, வாக்கியம் தொண்டையிலேயே நின்றது, அப்பா அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தினார்.

"பசிக்குதா பாப்பா?" அப்பா விழித்துவிட்டிருந்தார். பசித்தது. "இல்லீங்ப்பா." அவர் கரும்பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார். "நுண்...ணுயிரியல். அதுதான் கிருமி சமாச்சாரமா?" "ஆமாங்ப்பா." "ஓ." இதோ, கதவு திறந்தே கிடக்கிறது. இப்போது சொல்லலாம், இதைவிட நல்ல சமயம் வராது. அப்பா, நம்ம பட்டறைத் தொட்டீல இருக்குதே, அதுதாங்ப்பா. இவ்வளவு சொன்னால் போதும், அப்பாவுக்குப் புரிந்துவிடும். சொல்லப் போனாள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். "அது சாயந்திரமா?" என்றார் அப்பா. "ஆமாங்ப்பா, ரெண்டாவது ஷிப்டு." "அப்ப நமக்கு ஆவாது," என்று அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். கடுமையாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னார். "உங்கொம்மா காத்தாலைக்குத்தான் செரின்னுருக்கறா. நான் வாக்குக் குடுத்துட்டு வந்துருக்கறன். அந்தச் செடி படிப்பும் நல்லதுதான, பொம்பளப் புள்ளைக்கு." நல்லதுதானுங்ப்பா என்றாள். கதவு சாத்திக்கொண்டது. சாத்தியது அப்பா இல்லை, அவளேதான். அதனால் அவர் மேல் கோபப்படவும் வழியில்லை.

அதற்கப்புறம் பலகையைப் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். ஒலிபெருக்கியில் பேர் கூப்பிடுவார்கள், கயிறு கட்டின வழியாக ஒரு பிள்ளை உள்ளே போகும், கூட வந்தவர்கள் கயிற்றுக்கு இப்பாலேயே நிற்க வேண்டும், உள்ளே மேசையில் இருக்கிற பேராசிரியர்கள் கேட்பார்கள், பிள்ளை எதையோ சொல்லும், உதவியாளர் எழுந்து ஓர் எண்ணைத் துடைத்துவிட்டு ஒன்று குறைத்து எழுதுவார். ஒட்டுப்பொட்டு வைத்த ஒரு பெண் போனாள். தாவரவியல் ஒன்று குறைந்தது. மகராசி, நல்லா இரு. ஒரு பையன் போனான், அதுவும் தாவரவியல். அடுத்ததும். அடேயப்பா, நாம் வேண்டிக்கொண்டது பலிக்கிறதே, இன்னும் நாலைந்து பேர் போனால் காலை வகுப்பு என்கிற பேச்சே இல்லை. அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது, கௌசல்யாவின் குழந்தை ஞாபகம் வந்தது, ஆனாலும் போகட்டும் போகட்டும் என்றிருந்தாள். அடுத்துப் போனது உயரமான ஒரு பெண், கையில் ஃபைல், நடையிலேயே தெளிவு, மேசைக்குப் போய் நின்று ஒரே வார்த்தை சொன்னாள். உதவியாளர் நுண்ணுயிரியலுக்கு நேரே கையைக் கொண்டுபோனார். அவளுக்குப் பின்னால் போனவளும் நுண்ணுயிரியல். அதற்குப் பின்னால் போன பையனும். யுவராணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இதை அவள் நினைக்கவே இல்லை. தாவரவியல் தீர வேண்டும் என்று வேண்டியவளுக்கு நுண்ணுயிரியலும் தீரும் என்பது எட்டவே இல்லை, என்னவோ அதைத் தனக்கென்று தனியே எடுத்து மூடி வைத்திருக்கிற மாதிரி. தீர்ந்தால் நல்லதுதானே? அதுவும் ஒரு வழிதானே, எனக்கு ஆசைதான், இடமில்லை என்று நிம்மதியாகச் செடி படிக்கலாமே? எவ்வளவு சுலபம். யாரும் யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை. ஆனால் உதவியாளர் டஸ்டரை எடுத்த ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றில் சுருக் என்று குத்தியது. விலங்கியல் போனபோது குத்தவில்லை. தாவரவியல் குறைந்தபோது குத்தவில்லை. இதற்கு மட்டும் குத்துகிறது. வேறு எந்த டீச்சரும் அவளுக்கு இவ்வளவு தெளிவாக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேண்டாம், எழுதாதீங்க, அழிக்காதீங்க என்று எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கிக்கொண்டிருந்தாள். "யுவராணி, ப." என்றது ஒலிபெருக்கி.

எழுந்தாள். அப்பா பையைக் கொடுத்துவிட்டு, "தைரியமாப் போ, காத்தாலன்னு சொல்லு" என்றார். பாவம், அவருக்கு அந்தப் பாடத்தின் பேர் மறந்துவிட்டது. கயிற்றுக்குள் போனதும் கூடம் நீண்டுவிட்டது, மேசை அங்கேயே இருக்கிறது, போய்ச் சேரவே மாட்டேன் என்கிறது. மைக்ரோபயாலஜி. மைக்ரோபயாலஜிங்க சார். ரெண்டு இடம்தான் இருக்கிறது, பலகையில் பார்த்தாகிவிட்டது. மைக்ரோபயாலஜிங்க மேடம். அப்பா பின்னால் நிற்கிறார், நீல நகத்தோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர், ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்தவர். அவருக்கு முன்னால் வேறு ஒன்றைச் சொன்னால் அவர் முகம் என்னவாகும்? அம்மா அவரை என்ன சொல்வாள்? ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்ப்பதற்காக இத்தனை பேரை வருத்துவதா? மேசைக்கு நடுவில் இருந்தவர் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "என்ன மேஜர்ம்மா?" "பாட்டனிங்க சார்," என்றது வாய். தானாக வந்தது, பழுப்புச் சுடிதார் வந்த மாதிரி. சொல்லி முடித்ததும் காதுக்குள் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

தாவரவியலுக்கென்று அந்த மேசையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நரை ஓடின தலை, கண்ணாடிக்குச் சங்கிலி, காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் களைத்த முகம். பேனாவைத் திறந்தவர், ஏதோ தோன்றி, "ஏம்மா பாட்டனி?" என்றார். இப்படி ஒரு கேள்வி வரும் என்று யுவராணிக்கு யாரும் சொல்லவில்லை. தயார் செய்யாத பதில்தான் உண்மையாக வரும் போலிருக்கிறது. "அது காலைல இருக்குதுங்க மேடம்." பக்கத்தில் இருந்தவர் பக்கென்று சிரித்துவிட்டார். அம்மாள் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். "வருஷா வருஷம் இதேதாம்மா கேக்கறேன். வேற சீட் கிடைக்கல, பஸ் இருக்கு, வீட்டுக்குப் பக்கம். மூணு வருஷம் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க, நான் சுவத்துக்குப் பாடம் எடுக்கணும். சரி, பஸ்ஸை விடு. ரெண்டு ஷிப்டும் காலைலதான்னு வெச்சுக்க. எதைக் கேட்டிருப்ப?" யுவராணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வாய்ல என்ன கொழுக்கட்டையா? பின்னாடி ஆள் நிக்குதும்மா." "மைக்ரோபயாலஜிங்க." "கேக்கல." "மைக்ரோபயாலஜிங்க மேடம்!" நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. உதவியாளர் திரும்பிப் பார்த்தார். கயிற்றுப் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியமில்லை. திரும்ப வேண்டியும் இருக்கவில்லை, செருப்புச் சத்தம் தானாகவே பக்கத்தில் வந்து நின்றது.

"என்னுங்க மேடம், பாப்பா எதாச்சும் தப்பாச் சொல்லீருச்சுங்களா?" என்றார் அப்பா. உங்க பொண்ணு மைக்ரோபயாலஜி கேக்குது, இரண்டாம் ஷிப்டு, உங்களுக்குச் சம்மதமா என்று அம்மாள் நேராகவே கேட்டார். அப்பா பலகையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். "எந்நேரத்துக்குங்க உடுவீங்க?" "ஆறாகும். லேப் இருந்தா கொஞ்சம் முன்னப்பின்ன." "ஊட்டுல காத்தாலன்னு சொல்லீட்டு வந்தனுங்களே." "அதை நீங்க வீட்ல பேசிக்கணும். இங்க ரெண்டு சீட்தான் இருக்கு." அப்பா புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். பாட்டனியே போதுங்ப்பா, நான் சும்மா சொன்னேன், வாங்க போலாம். இந்த வாக்கியத்தை யுவராணி தயார் செய்ய வேண்டியிருக்கவில்லை, பிறந்ததிலிருந்து தயாராக இருந்தது, நாக்கு நுனியில் வந்து நின்றேவிட்டது. ஒரு மூச்சு விட்டால் போதும், வெளியே விழுந்துவிடும். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார். எது நல்லது என்று கேட்கவில்லை, அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கவில்லை. "பாப்பா, உனக்கு அது வேணுமா?" என்றார். என்ன சின்னக் கேள்வி. இதைக் கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், அத்தை கேட்டிருக்கிறாள், எல்லோரும் பதிலைத் தாங்களே வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் முகத்தில் பதில் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "வேணுங்ப்பா," என்றாள். அப்பா இன்னும் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார், எத்தனை வருஷமாகக் கூட இருக்கிற பிள்ளை என்று கணக்குப் பார்க்கிறவர் போல. பிறகு மேசைப் பக்கம் குனிந்து, "கையெழுத்து எங்கீங்க போடோணும்?" என்று கேட்டார்.

வெளியே வேப்பமர நிழலில் வந்து நின்றார்கள். பெரிய வண்டி ஒன்று இடிக்க வந்து விலகிப் போனால் அப்படித்தான் நிற்பார்கள். "பஸ்ஸு ஸ்டாப்புக்கு நான் வந்து நின்னுக்கறன்," என்றார் அப்பா. சொல்லிவிட்டு, "நைட்டு ஷிப்டுன்னா அந்நேரத்துக்குப் பட்டறையில இருக்கோணுமே," என்று தானே குழம்பினார். "செரி, பொறவு பாத்துக்கலாம்." சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். "உங்கொம்மாகிட்ட நான் சொல்லமாட்டன். எனக்குப் பயம். நீதான் சொல்லோணும்." சிரிப்பார் என்று பார்த்தாள். சிரிக்கவில்லை, நிஜமாகவே பயந்துதான் இருந்தார். எண்ணை அழுத்தினாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக் கூடாது என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது. வேண்டுகிற அந்த மனசு இன்னும் சாகவில்லை. அம்மா எடுத்தாள். பின்னால் தறிச் சத்தம் காதைப் பிளந்தது, தறிக்குடோனில் வேலையில் இருக்கிறாள், இரண்டு தறி அவள் பொறுப்பு. "என்னாச்சு கண்ணு, கெடச்சுதா? காத்தாலதான?" "இல்லம்மா. சாயந்திரம்." டடக் டடக் என்று தறி ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழுந்ததா விழவில்லையா என்று தெரியவில்லை. விழாவிட்டால் அப்பாவிடம் கொடுத்துவிடலாம், சாயந்திரம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லலாம். "காத்தாலைக்கும் எடம் இருந்துச்சும்மா," என்றாள் யுவராணி. "நான்தான் சாயந்திரத்தக் கேட்டு வாங்கினேன். அப்பா சொல்லல, யாருஞ் சொல்லல. எனக்கு அது வேணும்மா." அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வேப்பங்கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஒரு தறி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் நின்றது.

"இப்பச் சொல்லு," என்றாள் அம்மா. "அதுல அப்பிடி என்ன இருக்குது?"

யுவராணி மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.